தங்க ஓய்வூதியக் கணக்கு: காப்பாளர் கட்டணத்தையும் களஞ்சியக் கட்டணத்தையும் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி: கோண்டாவிலூரான்

அனைவருக்கும் வணக்கம். எனது அக்கா அமெரிக்காவில், நியூ ஜேர்சி மாநிலத்து வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், வயது 63. கோண்டாவிலில் உள்ள எங்கள் பழைய வீட்டைத் திருத்திக்கொண்டு இங்கேயே இருந்துவிடும் எண்ணத்தோடு வந்திருக்கிறார். வேலை செய்த இடத்து ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கான 401(கே) கணக்கில் உள்ள சேமிப்பில் 60,000 டொலரை மட்டும் பிரித்து, உண்மையான தங்கத்தை வைத்திருக்கக்கூடிய தனிநபர் ஓய்வூதியக் கணக்கு ஒன்றுக்கு, அதாவது ஐ.ஆர்.ஏ. கணக்குக்கு, மாற்ற விரும்புகிறார். மிகுதிப் பணம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தங்கத்தில் போடுவது சரியா பிழையா என்பதை நாங்கள் வீட்டில் பேசி முடித்துவிட்டோம். 2022ஆம் ஆண்டு ஒரு டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 ரூபாய்க்கு மேல் போனபோது, நிலையான வைப்பில் பணம் போட்டிருந்த உறவினர்கள் பட்ட பாட்டையும், கையில் நாலு பவுண் வைத்திருந்தவர்கள் ஓரளவு நிமிர்ந்து நின்றதையும் அக்கா அறிவார். ஆகவே அந்த விவாதத்தை இங்கே தவிர்க்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் கேட்க விரும்புவது கட்டணங்களைப் பற்றி மட்டுமே.

மூன்று நிறுவனங்களின் கட்டண விபரங்கள் எங்களிடம் உள்ளன. முதலாவது நிறுவனம் கணக்குத் திறக்க 50 டொலரும், ஆண்டு நிர்வாகக் கட்டணமாக 100 டொலரும், அக்காவின் தங்கத்தைத் தனியாகப் பிரித்து வைக்கும் களஞ்சியக் கட்டணமாக ஆண்டுக்கு 150 டொலரும் கேட்கிறது. பிறருடைய தங்கத்தோடு சேர்த்து வைத்தால் அந்த 150 டொலர் 100 ஆகக் குறையும். இரண்டாவது நிறுவனத்தில் கணக்குத் திறக்கக் கட்டணம் இல்லை, நிர்வாகக் கட்டணமும் 75 டொலர்தான். ஆனால் களஞ்சியக் கட்டணம் தங்கத்தின் சந்தைப் பெறுமதியில் ஆண்டுக்கு 0.5 சதவீதம். மூன்றாவது, தங்க நாணயம் விற்கும் ஒரு நிறுவனம். தங்களிடம் நாணயங்களை வாங்கினால் முதல் மூன்று ஆண்டுகளுக்குரிய கட்டணங்கள் முழுவதையும் தாங்களே செலுத்துவதாகச் சொல்கிறார்கள். அக்காவின் மனம் இந்த மூன்றாவதிலேயே நிற்கிறது. தொலைபேசியில் பொறுமையாகவும் அன்பாகவும் பேசுகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இவற்றை ஒரே தராசில் வைத்துப் பார்ப்பது எப்படி? இந்தத் தாள்களில் குறிப்பிடப்படாத வேறு கட்டணங்கள் உண்டா? பின்னொரு காலத்தில் களஞ்சியக் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக அந்தத் தங்கத்தை யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கிப் பெட்டகத்துக்குக் கொண்டுவர முடியுமா? அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: எடிசன்வாசி

வணக்கம் அண்ணா. நான் சாவகச்சேரியைச் சேர்ந்தவன், இப்போது நியூ ஜேர்சியில் இருக்கிறேன். இவ்வாறான கணக்கொன்று என்னிடமும் உண்டு என்பதால், கட்டணத் தாளை எப்படி வாசிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், இந்த ஏற்பாட்டில் யார் யாருக்குப் பணம் போகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கணக்கைச் சட்டப்படி நடத்துபவர் காப்பாளர், அதாவது கஸ்டோடியன். இவர் ஒரு வங்கியாகவோ, அமெரிக்க வரித் திணைக்களமான ஐ.ஆர்.எஸ். அங்கீகரித்த நிறுவனமாகவோ இருக்க வேண்டும். தங்கம் இருக்கும் இடம் வேறு: டெலவெயார் மாநிலத்தின் வில்மிங்டனில் உள்ள டெலவெயார் டெப்பொசிட்டரி போன்ற களஞ்சியங்களில் அது வைக்கப்படுகிறது. நாணயத்தை விற்பவர் மூன்றாவது ஆள். காப்பாளர் கணக்குப் பதிவையும் வரி அறிக்கையையும் கவனிப்பாரே தவிர, நீங்கள் வாங்கும் நாணயம் நியாயமான விலைக்குக் கிடைத்ததா என்று பார்க்க மாட்டார். அது அவருடைய பொறுப்பும் அல்ல. இதை அக்காவுக்குத் தெளிவாக விளங்கப்படுத்துங்கள், ஏனெனில் காப்பாளரின் பெயரைக் காட்டியே விற்பனையாளர்கள் நம்பிக்கையை வளர்க்கிறார்கள்.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். முதலாவது நிறுவனத்தில் தனியாக வைப்பதானால் ஆண்டுக்கு 250 டொலர். 60,000 டொலர் தங்கத்துக்கு இது ஏறத்தாழ 0.42 சதவீதம். இரண்டாவதில் 75 டொலரும், 60,000இன் 0.5 சதவீதமான 300 டொலரும் சேர்ந்து 375 டொலர். இரண்டும் சமமாகும் இடம் 35,000 டொலர். அதற்குக் குறைந்த கணக்குக்கு இரண்டாவது நிறுவனமும், கூடிய கணக்குக்கு முதலாவது நிறுவனமும் மலிவு. அக்காவின் தொகை அந்த எல்லையை நன்றாகவே தாண்டியிருக்கிறது. அதைவிட முக்கியமான விடயம், சதவீதக் கட்டணம் தங்கத்தின் விலையோடு சேர்ந்து ஏறும் என்பது. தங்கத்தின் விலை இரட்டித்துக் கணக்கின் பெறுமதி 120,000 டொலரானால், இரண்டாவது நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 675 டொலர் கட்ட வேண்டிவரும். அதே நாணயங்கள் அதே அடுக்கில் அசையாமல் இருக்கும்போது கட்டணம் மட்டும் இப்படி வளர்வதற்கு நியாயமான காரணம் காப்புறுதிச் செலவு ஒன்றுதான். அந்தச் செலவு எவ்வளவு என்று நான் கேட்டபோது எனக்குத் திருப்தியான பதில் எங்கும் கிடைக்கவில்லை.

தாளில் வராத கட்டணங்கள் உண்டு. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் விற்கும்போதும் காப்பாளர் ஒரு பரிமாற்றக் கட்டணம் எடுப்பார். வங்கி வழியாகப் பணம் அனுப்புவதற்குத் தனிக் கட்டணம், கணக்கை மூடுவதற்குத் தனிக் கட்டணம், தங்கத்தைத் தங்கமாகவே வெளியே எடுப்பதானால் பொதி அனுப்பும் செலவும் அதற்கான காப்புறுதியும் வேறு. ஆண்டுக் கட்டணம் எந்தத் திகதியில் எடுக்கப்படும் என்பதையும் கேளுங்கள். சில இடங்களில் கணக்குத் திறந்த நாளிலிருந்து ஓராண்டு கணக்கிடுவார்கள், சில இடங்களில் ஜனவரியில் எடுப்பார்கள். பின்னைய முறையில் ஒக்டோபரில் கணக்குத் திறந்தவர் மூன்று மாதத்துக்குள் இரண்டாவது ஆண்டுக்கும் சேர்த்துக் கட்ட நேரிடலாம்.

இன்னுமொன்று. 60,000 டொலரையும் கடைசிச் சதம் வரை தங்கமாக்கிவிட வேண்டாம். கணக்கில் காசு இல்லாவிட்டால், ஆண்டுக் கட்டணத்தை அறவிடுவதற்காகக் காப்பாளர் ஒரு நாணயத்தை விற்கும் உரிமை பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஒன்றில் சில ஆண்டுக் கட்டணத்துக்குப் போதுமான பணத்தைக் கணக்கில் விட்டுவையுங்கள், அல்லது கட்டணத்துக்குத் தனியாகப் பற்றுச்சீட்டு அனுப்பச் சொல்லி வெளியிலிருந்து கட்டுங்கள். அப்படித் தனியாகக் கட்டும் நிர்வாகக் கட்டணத்தை ஐ.ஆர்.எஸ். கணக்குக்கான புதிய பங்களிப்பாகக் கருதுவதில்லை.

பதில்: வண்ணார்பண்ணை ஓய்வாளர்

தம்பிக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியின் அடகுப் பகுதியில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அமெரிக்க வரிச் சட்டத்தில் எனக்குப் பயிற்சி இல்லை, ஆனால் தங்கம் வாங்குவதும் விற்பதும் எங்கும் ஒரே தொழில்தான்.

மேலே எழுதியவர் ஆண்டுக் கட்டணத்தை மிகச் சரியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். எனினும் உங்கள் மூன்றாவது நிறுவனத்தைப் பற்றி நான் கூடுதலாகக் கவலைப்படுகிறேன், ஏனெனில் அங்கே கேட்க வேண்டிய முதற் கேள்வி கட்டணத்தைப் பற்றியதே அல்ல. கஸ்தூரியார் வீதியில் ஒரு சங்கிலி வாங்கப் போனால் நம்முடைய அம்மாமார் பவுண் விலையைக் கேட்டதோடு நிற்பார்களா? செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, திருப்பிக் கொண்டுவந்தால் எந்த விலைக்கு எடுப்பீர்கள் என்று மூன்றையும் கேட்டு, அதைச் சிட்டையில் எழுதி வாங்கிக்கொண்டுதானே வெளியே வருவார்கள். அக்காவும் அதையே கேட்க வேண்டும்: நாணயத்தில் உள்ள தங்கத்தின் உலகச் சந்தை விலைக்கு மேல் எத்தனை சதவீதம் வைத்து விற்கிறீர்கள், அதே நாளில் திருப்பித் தந்தால் எத்தனை சதவீதம் குறைத்து எடுப்பீர்கள்?

கணக்கைப் பாருங்கள். சாதாரண முதலீட்டு நாணயத்தைச் சந்தை விலைக்கு மேல் 5 சதவீதம் கொடுத்து வாங்கினால், 60,000 டொலருக்கு ஏறத்தாழ 57,143 டொலர் பெறுமதியான தங்கம் கிடைக்கும். 'விசேட பதிப்பு', 'சேகரிப்புத் தரம்' என்றெல்லாம் சொல்லி 25 சதவீதம் கூட்டி விற்றால் கிடைப்பது 48,000 டொலர் தங்கம். வித்தியாசம் 9,143 டொலர். அவர்கள் உங்களுக்குச் செய்யும் உபகாரமோ ஆண்டுக்கு 250 டொலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு 750 டொலர். அந்த 9,143 டொலரைக் கொண்டு முதலாவது நிறுவனத்துக்கு 36 ஆண்டுகள் கட்டணம் கட்டலாம். அக்கா போட்ட பணத்தை மீட்பதற்கே தங்கத்தின் விலை 25 சதவீதம் ஏற வேண்டியிருக்கும்.

இது வெறும் ஊகம் அல்ல. 2023 மே மாதத்தில் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு ஒரு விற்பனை நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், வாடிக்கையாளர்களிடம் 1 முதல் 5 சதவீதம் வரையான மேலதிக விலை என்று சொல்லிவிட்டுச் சில நாணயங்களை 130 சதவீதம் வரை கூட்டி விற்றதாகவும், அந்தப் பணம் அவர்களுடைய ஓய்வூதியக் கணக்குகளிலிருந்து வந்ததாகவும் குற்றஞ்சாட்டியிருந்தது. ஆயுட்காலச் சேமிப்பை இப்படி இழப்பவர்கள் பெரும்பாலும் நம்முடைய வயதுக்காரர்கள் என்பதை நினைக்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

எந்த நாணயம் என்பதையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரு அவுன்ஸ் அமெரிக்கன் ஈகிள் நாணயம் 22 கரட், நிறை 33.93 கிராம், நம் கணக்கில் நாலேகால் பவுணுக்கு மிகச் சிறிதளவே குறைவு. அதற்குள் 31.1 கிராம் சுத்தத் தங்கம் இருக்கிறது. அந்த 31.1 கிராமுக்குரிய அன்றைய விலையை அக்காவே கைத்தொலைபேசியில் பார்த்து, நிறுவனம் சொல்லும் விலையோடு ஒப்பிடட்டும். மேலதிக விலை எவ்வளவு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கோண்டாவிலூரான்

ஐயாவுக்கும் எடிசன் தம்பிக்கும் மிகுந்த நன்றி. ஐயா சொன்ன இரண்டு கேள்விகளையும் அக்கா நேற்று இரவு மூன்றாவது நிறுவனத்திடம் கேட்டார். விற்கும் விலை 'அன்றைய சந்தை நிலையைப் பொறுத்தது' என்றும், திருப்பி எடுக்கும் விலையை முன்கூட்டிச் சொல்வது வழக்கமில்லை என்றும் பதில் வந்தது. எழுத்தில் தரும்படி கேட்டபோது, முதலில் கணக்கைத் திறந்து பணத்தை மாற்றிவிட்டால் அதன் பின்னர் தரலாம் என்றார்கள். அத்துடன் 401(கே) பணத்தை அக்காவின் பெயரிலேயே காசோலையாக எடுத்து அனுப்பினால் அலுவல் விரைவாக முடியும் என்றும் சொன்னார்கள். இது சரியான வழிதானா? வங்கிப் பெட்டகம் பற்றிய கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.

பதில்: வட்டுக்கோட்டை மகள்

வணக்கம் அண்ணா. நான் கலிஃபோர்னியாவில் வருமான வரிப் படிவங்கள் தயாரிக்கும் தொழிலில் இருக்கிறேன். அக்கா தன் பெயரில் காசோலை எடுக்கவே வேண்டாம். 401(கே) கணக்கிலிருந்து பணம் அவருடைய பெயருக்கு வந்தால், 20 சதவீதத்தை வரிக்காகப் பிடித்துவைத்துவிட்டே மிகுதியைத் தருவார்கள்; அது கட்டாயம். 60,000 டொலரில் 12,000 பிடிக்கப்பட்டு 48,000 மட்டுமே கைக்கு வரும். 60 நாட்களுக்குள் முழு 60,000 டொலரையும் புதிய கணக்கில் போடாவிட்டால், போடாமல் விட்ட தொகைக்கு அந்த ஆண்டே வரி விழும், அதாவது அந்த 12,000 டொலரை அக்கா தன் கையிலிருந்து போட்டுவிட்டு, வரி அறிக்கை கொடுத்த பிறகே திரும்பப் பெற முடியும். அமெரிக்காவிலிருந்து வரும் தபால் கோண்டாவிலுக்கு எந்த நாளில் வந்து சேரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாத நிலையில், 60 நாள் கெடுவோடு விளையாடுவது ஆபத்து. ஒரு நிறுவனத்திலிருந்து மற்ற நிறுவனத்துக்கு நேரடியாக மாற்றும்படி கேளுங்கள். காசோலையாகத்தான் தருவார்கள் என்றால், அது புதிய காப்பாளரின் பெயருக்கு, அக்காவின் கணக்கின் பொருட்டு என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்போது எதுவும் பிடிக்கப்படாது.

வங்கிப் பெட்டகத்துக்குக் கொண்டுவருவது பற்றி: தங்கம் ஓய்வூதியக் கணக்கில் இருக்கும்வரை அது காப்பாளரின் வசத்திலேயே இருக்க வேண்டும். அக்காவின் கைக்கு வந்த கணமே அது கணக்கிலிருந்து எடுக்கப்பட்டதாகக் கருதப்பட்டு, அதன் பெறுமதி அந்த ஆண்டின் வருமானத்தில் சேர்க்கப்படும். தன் கணக்குக்குச் சொந்தமான கம்பனி ஒன்றின் பெயரில் ஈகிள் நாணயங்களை வாங்கி வீட்டில் வைத்திருந்த ஒருவருக்கு எதிராக 2021 நவம்பரில் அமெரிக்க வரி நீதிமன்றம் அப்படியே தீர்ப்பளித்தது. அக்காவுக்கு 59 வயதும் ஆறு மாதமும் கடந்துவிட்டதால், வயதுக்கு முந்தி எடுப்பதற்கான 10 சதவீதத் தண்டம் இல்லை, ஆனால் வரி உண்டு. யாழ்ப்பாணத்தில் வசித்தாலும் அமெரிக்கக் குடியுரிமை இருக்கும்வரை அந்த வரிப் பொறுப்பு அவரோடு வரும். வீட்டில் இருக்கும் காப்பையும் சங்கிலியையும் இந்தக் கணக்கில் சேர்க்கவும் முடியாது. குறைந்தது 99.5 சதவீதச் சுத்தமுள்ள கட்டிகளும் அந்தத் தரத்து நாணயங்களும்தான் செல்லும். 22 கரட் ஈகிளுக்குச் சட்டத்திலேயே விதிவிலக்கு இருக்கிறது, அதே 22 கரட்டான தென்னாபிரிக்கக் குறூகராண்டுக்கு இல்லை.

தனியாக வைப்பதா சேர்த்து வைப்பதா என்பதில் நான் சேர்த்து வைப்பதையே சொல்வேன். சாதாரண ஈகிள் நாணயங்கள் ஒன்றுக்கொன்று வேறுபாடற்றவை. அதே எண்ணிக்கையில் அதே வகை நாணயம் திரும்பக் கிடைக்குமானால், குறித்த அந்த நாணயமே வர வேண்டும் என்பதற்காக ஆண்டுக்கு 50 டொலர் கூடுதலாகக் கட்டத் தேவையில்லை. களஞ்சியத்தின் காப்புறுதிச் சான்றிதழை மட்டும் கேட்டு வாங்குங்கள், ஏனெனில் வங்கி வைப்புக்கு இருக்கும் அரச காப்புறுதி தங்கத்துக்கு இல்லை. அத்துடன் பெரிய கட்டியாக வாங்காமல் ஒரு அவுன்ஸ் நாணயங்களாக வாங்கச் சொல்லுங்கள். 1960ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்கள் 75 வயதிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பகுதியைக் கட்டாயமாக எடுக்க வேண்டும். அப்போது ஒரு கட்டியை வெட்டி எடுக்க முடியாது.

தங்கம் உலோகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அக்கா உறுதியாக இல்லையென்றால், ஒப்பிடுவதற்காக இதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பங்குச் சந்தையில் வாங்கக்கூடிய எஸ்.பி.டி.ஆர். கோல்ட் ஷெயார்ஸ் என்ற தங்க நிதியின் ஆண்டுச் செலவு 0.40 சதவீதம், ஐஷெயார்ஸ் கோல்ட் ட்ரஸ்டில் 0.25 சதவீதம், கோல்ட் மினிஷெயார்ஸில் 0.10 சதவீதம். 60,000 டொலருக்கு இவை முறையே 240, 150, 60 டொலர்கள். சாதாரண ஐ.ஆர்.ஏ. கணக்கிலேயே வாங்கலாம், தனிக் களஞ்சியக் கட்டணம் இல்லை. ஆனால் நாணயமாக எடுக்க முடியாது, வெளிநாட்டு முகவரி உள்ளவர்களுக்குப் பல தரகு நிறுவனங்கள் புதிய கணக்குத் திறப்பதுமில்லை.

கோண்டாவிலூரான்

மிக்க நன்றி தங்கச்சி. அக்காவுக்கு உலோகமாகவே வேண்டும் என்கிறார், அதை நான் மறுத்துப் பேசவில்லை. மூன்றாவது நிறுவனத்தை விட்டுவிட்டோம். முதலாவது நிறுவனத்தில் சேர்த்து வைக்கும் முறையில் ஆண்டுக்கு 200 டொலர் என்ற கணக்கோடு, நாணயத்தை வேறு இரண்டு விற்பனையாளர்களிடம் விலை கேட்டு வாங்க முடியுமா என்று காப்பாளருக்கு எழுதியிருக்கிறோம். பத்திரங்களை இங்கிருந்தே கையொப்பமிட்டு அனுப்பலாமா என்பது ஒன்றுதான் இன்னும் தெளிவில்லை.

பதில்: எடிசன்வாசி

விற்பனையாளரைத் தெரிவு செய்யும் உரிமை அக்காவுடையது அண்ணா. காப்பாளர் அதை மறுத்தால் வேறு காப்பாளரைப் பாருங்கள். கையொப்பம் பற்றி, பழைய 401(கே) நிருவாகியிடம் 'மெடாலியன்' எனப்படும் கையொப்ப உத்தரவாத முத்திரை தேவையா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். தேவையென்றால் அதை யாழ்ப்பாணத்தில் பெற முடியாது. கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகம் நொத்தாரிசுச் சேவை செய்தாலும் அந்த முத்திரையை வழங்குவதில்லை. அக்கா அடுத்த முறை நியூ ஜேர்சிக்கு வரும்போது தான் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் வாங்கலாம், அதற்கு முன்னர் வங்கியை அழைத்து எந்தக் கிளையில் அந்த முத்திரை இருக்கிறது, எந்தத் தொகை வரை உத்தரவாதம் தருவார்கள் என்று உறுதிப்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். முத்திரை தேவையில்லை, நொத்தாரிசு போதும் என்றால் தூதரகத்தில் முன்பதிவு செய்துகொண்டு ஒருநாள் கொழும்புக்குப் போய்வந்தால் அலுவல் முடிந்துவிடும்.